கருப்பட்டியும் கண்ணாடிக் குடுவையும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் வேதியியல் மாணவி ஒருத்தி)

மாலை நான்கு மணிக்கு வகுப்பு விட்டதும் நம் கல்லூரி வாயிலில் கூடும் கூட்டத்தை ஆசிரியப் பெருமக்கள் நன்கு அறிவார்கள். சுண்டல் வண்டி ஒருபுறம், பருப்பு வடை ஒருபுறம், கடலை மிட்டாய்ப் போத்தல்கள் வரிசையாக அடுக்கிய பெட்டிக்கடை ஒருபுறம். பேருந்துக்குக் காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில் நாம் தின்று தீர்ப்பவற்றைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட தமிழ்த்துறை விரிவுரையாளரிடம் 'நமது வட்டாரத் தின்பண்டங்கள் - ஓர் ஆய்வு' என்று தலைப்பையும் கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது மற்றவையெல்லாம் நழுவிப் போய் ஒரே ஒரு பண்டம் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது. அது கருப்பட்டி. ஒட்டுவது அதன் குணந்தானே.

சென்ற செப்டம்பர் மாதம் என் அறைத்தோழி வெளியூர் போய்த் திரும்புகையில் ஓர் ஓலைப்பெட்டி வாங்கி வந்தாள். சாயம் தோய்த்த ஓலையில் அழகாகப் பின்னிய பெட்டி. மேலே ஒட்டியிருந்த தாளில் 'நூறு விழுக்காடு இயற்கை', 'பாரம்பரிய முறையில் தயாரித்தது', 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று மூன்று வரிகள். உள்ளே அரைக் கிலோ கருப்பட்டி. விலை 240 ரூபாய். இப்போது ஊருக்கு ஊர் தோன்றியிருக்கும் இயற்கை அங்காடிகளுள் ஒன்றில் வாங்கியதாகச் சொன்னாள்.

ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். எல்லோரும் ஆகா என்றார்கள். என் வாயில் அது கரைந்து முடிவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "இதுல சீனி கெடக்கு."

தோழியின் முகம் வாடிவிட்டது. "240 ரூபா குடுத்து வாங்கிருக்கேன். நாக்கை வச்சே சொல்லிருவியோ? கெமிஸ்ட்ரிதானே படிக்கே, நிரூபிச்சுக் காட்டு" என்றாள். அறையில் இருந்தவர்களும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நானும் வீறாப்பாகச் சரி என்றேன். இந்தக் கட்டுரை அந்த வீறாப்பின் விளைவு.

இவ்வளவு உறுதியாக நான் பேசியதற்குக் காரணம் உண்டு. நான் திருச்செந்தூர் வட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். தேரி என்பது செம்மணல் மேடு. பனையும் உடைமரமும் அங்கே செழிக்கும், மற்றவை தயங்கும். என் தாத்தா பனையேறி. அப்பாவும் பனையேறியாகவே இருந்தார், 2016இல் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடியும் வரை. அம்மா விடிலியில் கருப்பட்டி காய்ச்சுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

விடிலி

விடிலி என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன். பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் வேய்ந்த குடிசை அது. பருவ காலமாகிய மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை அங்கே அடுப்பு எரியும். விடியும் முன்பே மரமேறி இறக்கிய பதநீர் அங்கேதான் வந்து சேரும்.

பனையின் பாளையை அப்படியே சீவினால் பதநீர் வராது. கடிப்பு என்னும் மரக்கருவியால் நாள்தோறும் இதமாக நெருக்கிப் பக்குவம் செய்து, பின் நுனியைப் பாளை அரிவாளால் மெல்லியதாகச் சீவ வேண்டும். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒருநாள் சீவத் தவறினால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும். பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார்கள். சிறு வயதில் இது ஏன் என்று ஆச்சியைக் கேட்டபோது, "பூசாட்டா கள்ளாயிரும்" என்று முடித்துவிட்டார். முதலாண்டுப் பாடத்தில் காடி, காரம் படித்தபோதுதான் ஆச்சியின் இரண்டு சொல் விடைக்குள் எவ்வளவு வேதியியல் இருந்தது என்று தெரிந்தது. பதநீர் சொட்டத் தொடங்கியவுடனே ஈஸ்ட் அதில் குடியேறிவிடும். சுண்ணாம்பாகிய கால்சியம் ஹைட்ராக்சைடு காரத்தன்மையை உயர்த்தி அதை அடக்குகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. பதநீரில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். காடிச் சூழலில் சுக்ரோஸ் நீராற்பகுப்படைந்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாகப் பிரியும். அவ்வாறு பிரிந்தது மிகுந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி கட்டியாக உறையாமல் இளகியே நிற்கும். சுண்ணாம்பு அதையும் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், வேதியியலோடு சட்டமும் சேர்ந்து கலயத்தில் சுண்ணாம்பு பூசச் சொல்கிறது எனலாம். அளவு கூடினாலோ சுவை கெடும். அந்த அளவைப் பனையேறியின் விரல் அறியும். அதற்குத் தராசு கிடையாது.

வடிகட்டிய பதநீரைத் தாச்சியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் உடை விறகும் வைத்து எரிப்பார்கள். எட்டு ஒன்பது லிட்டர் வற்றி ஒரு கிலோ கருப்பட்டியாகும். பதநீரில் சர்க்கரை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு என்பதால் கணக்கு சரியாகவே வருகிறது. கொதி ஏற ஏற நுரை பொங்கும். அப்போது நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிது போடுவார்கள். அதன் எண்ணெய் பட்டதும் நுரை அடங்கிவிடும். பாகு தடித்துக் கூப்பனியாகும் நேரத்தில் விடிலியைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிடுவோம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, பதம் கண்டு இறக்கி, துடுப்பால் கிளறிச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. தாச்சியின் ஓரத்தில் ஒட்டியிருப்பது பிள்ளைகளுக்கு. நான் படித்த முதல் பள்ளிக்கூடம் அந்தத் தாச்சியின் ஓரம் என்றால் அது மிகையன்று.

நல்ல கருப்பட்டியின் சுவை வெறும் இனிப்பன்று. முதலில் இனிப்பு, உடனே பின்னால் ஒரு மெல்லிய உப்புக் கரிப்பு, முடிவில் புகை வாசம். சீனி சேர்ந்தால் இனிப்பு முந்திக்கொண்டு வரும். பின்னால் வருவதற்கு ஒன்றும் இராது.

தின்று பார்த்தவை

கருப்பட்டி சேரும் பண்டங்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாவிட்டால் விரிவுரையாளருக்குக் கொடுத்த தலைப்பு என்னை மன்னிக்காது. தீபாவளி விடுமுறைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து கொண்டுவந்தேன். வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவைக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து, தேங்காய் சேர்த்து உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் தோய்த்து மும்மூன்றாகச் சேர்த்துப் பொரிப்பது. உடைத்துப் பார்த்துவிட்டு, "முந்திரி எங்கடீ?" என்று விடுதியில் சண்டைக்கு வந்தார்கள். அதில் முந்திரி கிடையாது. கொடிமுந்திரிக் கொத்துப் போலத் தோன்றுவதால் வந்த பெயர். பத்து நாள் வைத்தாலும் கெடாது என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தார். இரண்டாம் நாள் டப்பா காலி என்பதால் அதைச் சோதிக்க இயலவில்லை.

கருப்பட்டி மிட்டாயை நான் அதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் வளையமாகப் பிழிந்து, கருப்பட்டிப் பாகில் ஊறவைப்பது. சூடாகத் தின்றால் அதற்கு இணையில்லை. மறுநாள் தின்றால் எண்ணெய்தான் முன்னே நிற்கிறது. கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையோ கடையில் வாங்கும் பண்டமன்று. குருத்தோலைக்குள் மாவும் கருப்பட்டியும் தேங்காயும் வைத்துக் கட்டி அவிக்கையில், ஓலையின் வாசம் மாவுக்குள் இறங்கிவிடும். அதைச் சொல்லால் எழுத எனக்குத் தெரியவில்லை. சுக்கும் மிளகும் இடித்துச் சேர்த்த சில்லுக் கருப்பட்டி, தொண்டை கட்டிய பேச்சுப்போட்டி மாணவர்களுக்கு உதவும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரும்பின்மீது எனக்குப் பகை இல்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கரும்பு வெல்லத்தில் செய்வதுதான். வாய்க்குள் அது உடையும் சத்தத்துக்காகவே நான் இன்னும் இரண்டு வாங்குவேன். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் அக்குறியீடு கிடைத்திருக்கிறது. வெல்லம் வெல்லமென்றும் கருப்பட்டி கருப்பட்டியென்றும் விற்கப்பட்டால் யாருக்கும் வழக்கில்லை.

ஓலைப்பெட்டியில் கண்ட மூன்றாம் வரி மட்டும் யார் விற்றாலும் தவறு. கலப்பில்லாத கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸே. சீனியில் இல்லாத தாதுப்பொருள்கள் அதில் சிறிது உண்டு. அதனால் அது சர்க்கரை நோய்க்கு மருந்தாகிவிடாது. 'இயற்கை' என்ற சொல்லுக்கும் வரம்பு இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் வகுத்த விளம்பர விதிகள், எதையும் சேர்க்காத பொருளுக்கே அச்சொல்லை அனுமதிக்கின்றன.

ஐந்து துண்டுகள்

இனி சோதனை. ஐந்து கருப்பட்டிகளைச் சேர்த்தேன். பேருந்து நிலையத்து மளிகைக் கடையில் வாங்கியது ஒன்று. வாரச் சந்தையில் ஒரு பாட்டியிடம் வாங்கியது ஒன்று. தோழியின் ஓலைப்பெட்டி ஒன்று. தீபாவளிக்குப் போனபோது எங்கள் வீட்டில் வியாபாரிக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து எடுத்தது ஒன்று. ஐந்தாவது ஆச்சியின் பானையிலிருந்து. ஆச்சி ஆண்டுதோறும் பிள்ளைபெற்ற வீட்டுக்கும் மருந்துக்குமென்று ஒரு பானை கருப்பட்டி தனியே எடுத்து வைப்பார். அதில் கலப்பு இருக்க வழியே இல்லையாதலால் அதையே அளவுகோலாகக் கொண்டேன். எங்கள் வீட்டு மூட்டையை ஏன் எடுத்தேன் என்று கேட்டால், பெருமைதான். ஓலைப்பெட்டிக்கு முன்னால் எங்கள் கருப்பட்டி நிமிர்ந்து நிற்பதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

முதலில் நாக்குச் சோதனை. எது எதுவென்று எனக்கும் தெரியாதவாறு தோழி தாளில் மடித்து எண் இட்டாள். விடுதி மாணவியர் பன்னிருவர் சுவைத்தனர். அதிக வாக்குப் பெற்றது மளிகைக் கடைக் கருப்பட்டி! ஆச்சியின் கருப்பட்டிக்குக் கிடைத்தவை இரண்டே வாக்குகள். ஒருத்தி "உப்புக் கரிக்குது" என்று எழுதியிருந்தாள். சீனிக்குப் பழகிய நாக்கு எதைத் தேடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நானும் சுவைத்து, மூன்று எண்களுக்கு எதிரே 'சீனி உண்டு' என்று எழுதினேன். தோழி மடிப்பைப் பிரித்தாள். ஒன்று மளிகைக் கடை. ஒன்று ஓலைப்பெட்டி. மூன்றாவது எங்கள் வீட்டு மூட்டை.

அறை முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். நாக்கு தவறிவிட்டது, ஆய்வுக்கூடம் சரியாகச் சொல்லும் என்றேன். அதுவரை நாக்கை நம்பியவள் அன்று முதல் குடுவையை நம்பத் தொடங்கினேன்.

ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத இடர் காத்திருந்தது. கருப்பட்டியில் இருப்பது சுக்ரோஸ், கலப்பதும் சுக்ரோஸ். இரண்டு மூலக்கூறிலும் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள், ஒரே அமைப்பில். பாலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கலாம். தண்ணீரில் தண்ணீரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? ஃபெலிங் கரைசலை முயன்றேன். அது சுக்ரோஸைக் கண்டுகொள்ளாது. குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகளுக்கே செந்நிற வீழ்படிவு தரும். கருப்பட்டியில் அவை சிறிது உண்டு, சீனியில் இல்லை எனலாம். ஆகவே வீழ்படிவு குறைந்தால் கலப்பு என்று எண்ணினேன். ஆனால் காய்ச்சும் நேரத்தையும் சுண்ணாம்பின் அளவையும் பொறுத்து அது தானாகவே மாறும் என்பதால் துறைப் பேராசிரியர் அதை ஏற்கவில்லை. உறுதியான முறை ஒன்று உண்டென்று அவர் விளக்கினார். கரும்பும் பனையும் காற்றிலுள்ள கார்பனை வெவ்வேறு வழியில் உட்கொள்கின்றன. கரும்பின் முதல் விளைபொருளில் நான்கு கார்பன், பனையினதில் மூன்று. அதனால் கரும்புச் சீனியில் கார்பன்-13 என்னும் கனத்த அணு சற்றுக் கூடுதலாக இருக்கும். மூலக்கூறு ஒன்றேயானாலும் அணுக்கள் பிறந்த வீட்டைக் காட்டிக்கொடுக்கும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதைக் கண்டறிய இம்முறையே பயன்படுகிறது. அதற்குரிய நிறை நிறமாலைமானி நம் கல்லூரியில் இல்லை.

எஞ்சியது சாம்பல் சோதனை. கருப்பட்டியை முழுதும் எரித்தால் அதன் தாதுப்பொருள்கள் சாம்பலாக நிற்கும். சீனியை எரித்தால் ஏறக்குறைய ஒன்றும் நிற்காது. எனவே சீனி கூடக் கூடச் சாம்பல் குறைய வேண்டும். முதல் நாள் ஆர்வத்தில் மூசையில் நிறையப் போட்டு நேரே உலையில் வைத்துவிட்டேன். சர்க்கரை கருகும்போது பஞ்சுபோல் உப்பும் என்பதை மறந்த குற்றம். மூசையை விட்டு வெளியே வந்து உலையின் தரையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆய்வக உதவியாளர் அண்ணன் சொன்னவற்றை இம்மலரில் அச்சிட இயலாது. பின்னர் இரண்டு இரண்டு கிராமாக எடுத்து, முதலில் சிறு சுடரில் பொறுமையாகக் கருக்கி, அதன்பின் உலையில் வைத்தேன்.

ஆச்சியின் கருப்பட்டிச் சாம்பலை 100 எனக் கொண்டால், சந்தைப் பாட்டியுடையது 94. மளிகைக் கடையுடையது 41. ஓலைப்பெட்டி 65. எங்கள் வீட்டு மூட்டை 68.

அந்தக் குறிப்பேட்டை இரண்டு நாள் யாரிடமும் காட்டவில்லை. எடை போட்டதில் பிழை இருக்கும் என்று மீண்டும் ஒருமுறை செய்தேன். 67 வந்தது. சுண்ணாம்பு கூடக் குறைய இருந்தாலும் சாம்பல் மாறும். ஆகவே இச்சோதனை முடிந்த முடிபன்று என்று பேராசிரியர் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆனால் மனத்துக்குத் தெரிந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு காணவில்லை.

பொங்கல் விடுமுறை

ஊருக்குப் போனேன். அம்மா பனங்கிழங்கு அவித்து வைத்திருந்தார். தும்பை உரித்துக்கொண்டே கேட்டேன்: "யம்மா, மூட்டைக் கருப்பட்டில சீனி போடுதியளா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை. "யாரு சொன்னா?" என்றார். எரிச்சுப் பார்த்தேன் என்றேன். அப்பா கட்டிலில் திரும்பிப் படுத்தார். ஆச்சி வெற்றிலை இடிப்பதை நிறுத்தவில்லை.

"எத்தன பங்குன்னு வந்துச்சு?"

"மூணுல ஒண்ணு."

"ஆமா. பத்துக் கிலோவுக்கு அஞ்சு கிலோ. உன் படிப்பு சரியாத்தான் சொல்லுது" என்றார் அம்மா. அந்த வேளையிலும் அவர் குரலில் ஒரு சிறு பெருமை இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

பிறகு கணக்கைச் சொன்னார். நான் பனங்கிழங்கை வைத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். அப்பா விழுந்த பிறகு மரங்களைப் பாட்டத்துக்கு எடுத்து வேறொரு பனையேறியை வைத்து ஏறுகிறோம். நல்ல நாளில் 30 மரத்துப் பதநீரில் 10 கிலோ கருப்பட்டி இறங்கும். வியாபாரி கிலோவுக்கு 220 ரூபாய் தருகிறார். ஆக 2,200. அதில் பாதி, 1,100, பனையேறிக்கு. உயிரைப் பணயம் வைப்பவர் அவர். அதைக் குறைக்க அம்மா ஒப்ப மாட்டார். பாட்டம், விறகு, கூலி எல்லாம் சேர்ந்து 700. மீதி 400. விடியற்காலை நான்கு மணி முதல் புகைக்குள் நின்ற அம்மாவுக்கும், சிரட்டை கழுவிய ஆச்சிக்கும், குடும்பத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதுவும் ஆண்டில் ஐந்து மாதம் மட்டும். அதே பாகில் கிலோ 45 ரூபாய்ச் சீனி ஐந்து கிலோ கலந்தால் 15 கிலோவாகும். 3,300 ரூபாய். சீனிக்கு 225 போக, மற்றச் செலவு 1,800 போக, மீதி 1,275.

"நல்லதுக்குத் தனி வெலை கேட்டேன். எல்லாம் ஒரே கருப்பட்டிதாம்னுட்டாரு. எல்லாரும் போடுதாவ, நாம போடாட்டா நமக்குத்தான் நட்டம்னும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

எப்போதிருந்து என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ காலேசுல சேர்ந்த வருசத்துலருந்து."

மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வருகிறது. விடுதிச் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் குறிப்பேடுகளுக்கும் கைப்பேசிக்கும் அது போதாது. மீதி எங்கிருந்து வந்ததென்று நான் கேட்டதே இல்லை. நான் வகுப்பில் உட்கார்ந்து நீராற்பகுப்பு படித்த பருவங்களில் விடிலிக்குப் போகவும் இல்லை. போயிருந்தால் சீனி மூட்டையைப் பார்த்திருப்பேன். ஓலைப்பெட்டியைப் பார்த்து 'இதுல சீனி கெடக்கு' என்று சொன்ன வாய் அந்தச் சீனியில்தான் சாப்பிட்டிருக்கிறது. அந்தப் பெட்டிக் கருப்பட்டியே எங்கள் தாச்சியில் இறங்கியதாகவும் இருக்கலாம். 65க்கும் 68க்கும் அதிகத் தூரமில்லை. வியாபாரி எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது.

அன்றிரவு தூக்கம் வராமல் அதே கணக்கைத் திருப்பிப் போட்டேன். சீனி போடாமலே அம்மாவுக்கு அந்த 1,275 ரூபாய் கிடைக்க வேண்டுமானால் கருப்பட்டிக்கு என்ன விலை வேண்டும்? 1,275ஐயும் 1,800ஐயும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 307 ரூபாய் 50 காசு. 310 என்று வைத்துக்கொள்வோம். கலப்பதற்கும் கலக்காததற்கும் இடையே நின்றது கிலோவுக்கு 90 ரூபாய். என் தோழியோ கிலோவுக்கு 480 ரூபாய் வீதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நல்ல கருப்பட்டிக்குரிய விலையை வாங்குபவர் எப்போதோ கொடுத்துவிட்டார். அது விடிலி வரை வந்து சேரவில்லை.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். "அந்த வெலைக்கு யாரு வாங்குவா?" என்றார். எனக்குத் தெரிந்தவர்கள் நம் கல்லூரியில்தான் இருந்தார்கள். திரும்பி வந்து முதலில் தோழியிடம் குறிப்பேட்டைக் காட்டினேன், 68 உட்பட. அவள் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு ரெண்டு கிலோ. அம்மாட்ட சொல்லு" என்றாள். அடுத்து துறைப் பேராசிரியர். அவர் கணக்கைச் சரிபார்த்து, "பேருந்துச் சுமைக்கூலியை விட்டுவிட்டாயே" என்று கேட்டார். அதையும் சேர்த்து 340 ரூபாய் என்று முடிவாயிற்று. விரிவுரையாளர்களும் மாணவியருமாகப் பதினான்கு பேர் பெயர் கொடுத்தனர். மொத்தம் 23 கிலோ. முன்பணம் வாங்க அம்மா ஒப்பவில்லை.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது அம்மா சிறிது யோசித்தார். "எழுது. ஊரு பேரு போடாத. எல்லா விடிலியும் ஒண்ணுன்னு நெனச்சுருவாவ" என்றார். தலைப்பின் கீழ் என் பெயர் இல்லாததற்கு அதுவே காரணம். வியாபாரிக்கான மூட்டையில் சீனி இன்னும் நிற்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். 23 கிலோ என்பது எங்களுக்கு இரண்டரை நாள் காய்ச்சல்; பருவமோ ஐந்து மாதம்.

பங்குனி பிறந்ததும் காய்ச்சிய முதல் பெட்டி சென்ற வாரம் பேருந்தில் வந்தது. சாயம் தோய்க்காத வெறும் ஓலைக் கொட்டான். மேலே எதுவும் ஒட்டவில்லை. பேராசிரியர் தம் பங்கிலிருந்து ஒரு துண்டை உடைத்துக் கொடுத்து, "எரி" என்றார். இம்முறை இரண்டு கிராம்தான் எடுத்தேன். 97 வந்தது. ஆய்வக உதவியாளர் அண்ணன் அரைக் கிலோ கேட்டிருக்கிறார். அடுத்த பெட்டி சித்திரை முதல் வாரம் வரும்.